மூட்டை படுத்த ஸ்ட்ரெச்சர்

நெம்மேலிக்குப் பக்கத்தில் எழும்பிக்கொண்டிருந்த அந்த அடுக்குமாடியில் ஸ்ட்ரெச்சர் ஒன்று இருந்தது. அடிபட்டவனை அதில் படுக்கவைத்து, பெல்ட்டால் இறுக்கி, கிரேனில் கீழே இறக்க வேண்டும். பாதுகாப்பு அதிகாரி ஜெனிட்டா மாதாமாதம் ஒத்திகை வைத்தாள். ஒரு பயலும் படுக்க மாட்டேன் என்றான்.

"இன்னா மேடம், உசுரோட பாடையில படுக்கச் சொல்றீங்க?" என்பார் மேஸ்திரி பக்தவச்சலம்.

அதனால் சிமெண்டு மூட்டைதான் படுத்தது. மூட்டைக்கு எதற்கு பெல்ட்? ஜெனிட்டாவும் போட்டோ எடுத்து மேலிடத்துக்கு அனுப்பிவிட்டு, போய்த் தொலையட்டும் என்று விட்டுவிட்டாள். பெல்ட்டின் பூட்டாத கொக்கிகளை உப்புக்காற்று தின்றது.

இன்று ஏழாவது மாடியில் கொத்தனார் தேவா சாரத்திலிருந்து தளத்தில் விழுந்தான். மூச்சு இருந்தது, நினைவு இல்லை. ஸ்ட்ரெச்சரில் கிடத்தினார்கள். துருப்பிடித்த கொக்கி ஒன்றுகூடப் பூட்டிக்கொள்ளவில்லை. மேஸ்திரி தலைத்துண்டை அவிழ்த்து அவன் மார்புக்குக் குறுக்கே முடிச்சுப் போட்டார்.

"தூக்காதீங்க மேஸ்திரி, கட்டுறதுக்குக் கயிறு வரட்டும்!" கீழேயிருந்து ஜெனிட்டா வாக்கி-டாக்கியில் கத்தினாள்.

"ரத்தம் போய்க்கினே கீது மேடம். மயக்கத்துல கீறான், அசைய மாட்டான்."

கிரேன் தூக்கியது. ஸ்ட்ரெச்சர் தள விளிம்பைத் தாண்டி வெளியே வந்தது. கடற்காற்று அதை மெல்லச் சுழற்றியது. அண்ணாந்து நின்ற ஜெனிட்டாவின் கண்ணெதிரே, அந்தரத்தில், தேவாவின் கை எழுந்தது. துண்டைத் தடவியது. முடிச்சைப் பிடித்து இழுத்தது.

இத்தனை ஒத்திகையில் மூட்டை ஒருநாளும் எழுந்து உட்கார்ந்ததில்லை.