பள்ளம் இருந்த இடம்

சாலம்மாளின் ஒரே மகள் ரம்யா, கல்வராயன் மலையில் கிராம செவிலியராக இருந்தாள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு மழைநாளில் ஸ்கூட்டியில் மலையிறங்கி வந்தவள், ஒரு வளைவில் தண்ணீர் நிரம்பிய பள்ளம் தெரியாமல் வண்டியை அதில் விட்டுவிட்டாள். ஆம்புலன்ஸ் மேலே ஏறி வருவதற்குள் உயிர் போய்விட்டது.

அதிலிருந்து மாதம் ஒருமுறை சாலம்மாள் வடக்கனந்தலில் பஸ் ஏறுவாள். அந்தப் பள்ளத்தில் பஸ் தூக்கிப்போட்டதும் எழுந்து, "நிறுத்துப்பா" என்பாள். பள்ளத்தோரம் ஒரு முழம் மல்லியை வைத்துவிட்டு, பஸ் திரும்பி வரும்வரை உட்கார்ந்திருப்பாள்.

அவளுக்குப் பேரூராட்சி குப்பைக் கிடங்கில் வேலை. பால் கவர், கேரி பேக் எல்லாவற்றையும் அலசிக் காயவைத்து, மெஷினில் போட்டுப் பொடிப்பொடியாக நறுக்கி மூட்டை கட்ட வேண்டும். தை மாதத்தில் என்ஜினீயர் அறிவுச்செல்வன் அந்த மூட்டைகளுக்காக லாரியோடு வந்தார்.

"இத எங்க சார் கொண்டுபோறீங்க?"

"மலை ரோட்டுக்கும்மா. சூடான ஜல்லியில இதத் தூவுனா உருகி ஒட்டிக்கும். அதுமேல தாரைக் கலந்து போட்டா தண்ணி உள்ள எறங்காது. லேசுல பள்ளம் வுழாது."

அன்று முதல் சாலம்மாள் சாப்பாட்டு நேரத்திலும் மெஷினை விட்டு நகரவில்லை.

"இன்னாக்கா, ஒத்த ஆளா ரோடே போட்ருவ போலிருக்கே?" என்றாள் கூட வேலைசெய்யும் மலர்விழி.

"சீக்கிரம் போடட்டும்டி. இன்னொருத்தி பெத்த புள்ள வுழ வேணாம்."

பங்குனியில் பூவோடு பஸ் ஏறினாள். பஸ் வழுக்கிக்கொண்டு போயிற்று. வெகுதூரம் போனபிறகுதான் அவளுக்கு உறைத்தது.

"தம்பி, அந்தப் பள்ளம் தாண்டிடுச்சா?"

"பள்ளமா? மலை முழுக்கத் தேடினாலும் இப்ப ஒண்ணு கெடைக்காதும்மா," என்றார் கண்டக்டர் சந்தோஷமாக.

இறங்கித் திரும்பி நடந்தாள். மூன்று வளைவுகள், மூன்றும் ஒரே கறுப்பு. ஓரத்தில் கொட்டியிருந்த மண்ணும் புதுசு. ஒவ்வொரு வளைவிலும் குனிந்து உள்ளங்கையால் தடவிப் பார்த்தாள். எங்கே விழுந்தாள் பெண்? அடையாளம் சொல்ல ஒரு கல்கூட இல்லை.

"ரம்யா, இடத்தயே தொலச்சிட்டேன்டி, கண்ணு" என்று சொல்லி, நடுவில் இருந்த வளைவின் ஓரத்தில் உட்கார்ந்து அழுதாள். பக்கத்திலேயே சர் சர்ரென்று வண்டிகள் இறங்கிப் போயின. ஒன்றும் தடுமாறவில்லை.

அடுத்த மாதம் அவள் மலைக்குப் போகவில்லை. மணலூர்பேட்டைப் பக்கம் புதுசாக ரோடு போடப்போவதாகச் சொல்லி, நாற்பது மூட்டை கேட்டிருந்தார்கள்.