மாடு ஓட்டப் போன முதலாளியம்மா

பள்ளிக்கூடப் பைகள் தைக்கும் பட்டறை அவளுடையது. பதினான்கு பேர் வேலை செய்தார்கள். அவள் இல்லாதபோது அவர்கள் அவளைப் 'பட்டாசு' என்று கூப்பிடுவார்கள். அது அவள் காதுக்கும் எட்டியிருந்தது, உள்ளூரப் பெருமைதான். தையல் மெஷின்களுக்குப் பின்னால் நடந்துகொண்டே "ஆச்சா? ஆச்சா?" என்று கேட்பதுதான் அவளுக்குத் தெரிந்த நிர்வாகம். ஒரே மாதத்தில் மூன்று பேர் வேலையை விட்டுப் போனபோது மட்டும் கொஞ்சம் திக்கென்றது.

அந்த நேரம் பார்த்து நாத்தனார் கால் எலும்பை முறித்துக்கொண்டாள். அவளுக்கு அறுபது மாடுகள் உள்ள மேய்ச்சல் பண்ணை. பண்ணையாளும் அப்போது ஊரில் இல்லை.

"நாலே நாள், அண்ணி. இந்த வேலிக்குள்ள புல்லு தீர்ந்துபோச்சு. மாட்டையெல்லாம் அடுத்த வேலிக்கு மாத்தணும்."

"பதினாலு பேரைக் கட்டி மேய்க்கிறேன். மாடு என்ன பெரிய விஷயம்!"

முதல் நாள் காலையில் மந்தைக்கு நேர் பின்னால் போய் நின்று கைதட்டினாள். "ம், நடங்க! சீக்கிரம்!" மாடுகள் நின்ற இடத்திலேயே திரும்பி அவளைப் பார்த்தன. அவள் இன்னும் கிட்டே போய்க் கத்தினாள். ஒரு கிடாரி மிரண்டு துள்ள, அறுபதும் எதிர்த்திசையில் குட்டையை நோக்கிப் பிய்த்துக்கொண்டு ஓடின. துரத்திப் போனவள் சேற்றில் சப்பென்று உட்கார்ந்தாள்.

ஜீப்பில் கட்டுப்போட்ட காலை நீட்டி உட்கார்ந்திருந்த நாத்தனாருக்குச் சிரிப்பில் கண்ணீரே வந்துவிட்டது.

"சிரிக்காதே! உன் மாட்டுக்கு மட்டு மரியாதையே தெரியலை."

"நேர் பின்னால நின்னா அதுக்குக் கண்ணு தெரியாது, அண்ணி. யாருன்னு திரும்பிப் பார்க்கும். திரும்பினா எப்படி முன்னால போகும்?"

மறுநாள் அவள் வேலிமேல் ஏறி உட்கார்ந்து வெறுமனே பார்த்தாள். எல்லாவற்றையும் முட்டித் தள்ளும் கொழுத்த மாட்டை மற்ற மாடுகள் சட்டை செய்யவில்லை. ஒற்றைக் கொம்புள்ள ஒரு சாதுப் பசு நகர்ந்தால்தான் மற்றவை தலை தூக்கின. அடுத்த வேலிக்குப் போகும் கதவைத் திறந்துவிட்டு, அந்தப் பசுவின் தோளோரமாக நடந்தாள். அது நின்றால் இவளும் நின்றாள். 'ஆச்சா' என்று கேட்க நாக்கு துறுதுறுத்தது. பசு கதவை முகர்ந்தது, யோசித்தது, காலை எடுத்து வைத்தது. மற்ற ஐம்பத்தொன்பதும் பின்னாலேயே சாவகாசமாக வந்தன. சந்தோஷத்தில் அவள் "ஹே!" என்று குதித்ததில் கடைசி இரண்டு மட்டும் மறுபடி குட்டைக்கு ஓடின.

ஊர் திரும்பியதும் பட்டறையின் மூலையில் முக்காலி போட்டு அரை நாள் பேசாமல் உட்கார்ந்திருந்தாள்.

"பட்டாசு நமுத்துப்போச்சா?" என்று யாரோ கிசுகிசுத்தார்கள்.

நூல் சிக்கினாலும் அளவில் சந்தேகம் வந்தாலும், யாரும் மேற்பார்வையாளரிடம் போகவில்லை. ஜிப் வைக்கும் பெண்ணிடம்தான் போனார்கள். அதிர்ந்து பேசாதவள் அவள். பட்டாசு முக்காலியை அவள் பக்கத்தில் நகர்த்திக்கொண்டாள்.

"புது ஆர்டருக்கு மெஷினையெல்லாம் எப்படிப் போட்டா தோதா இருக்கும்?"

ஜிப்காரி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். பட்டாசு பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

"வெட்டற மேஜை ஜன்னல் பக்கம் வரணுங்கக்கா. மூணு வருஷமா சொல்லணும்னு நினைச்சிட்டிருக்கேன்."

"ஏம்மா சொல்லலை?"

"நீங்க முதுகுக்குப் பின்னாலயே நின்னீங்க. திரும்பினா தையல் கோணிடுமே!"

பட்டறையே கொல்லென்று சிரித்தது, அவளும் சேர்ந்துகொண்டாள். அன்று மாலையே எல்லாருமாக மேஜையைத் தூக்கி ஜன்னலோரம் போட்டார்கள். விட்டுப் போன மூவரில் இருவரை ஜிப்காரியே பேசித் திரும்ப அழைத்து வந்தாள். ஆர்டர் இரண்டு நாள் முன்னதாகவே முடிந்தது.

இப்போது முதலாளியம்மாவுக்கு நிறைய நேரம் மிச்சம். சும்மா இருப்பானேன் என்று ஜிப் வைக்கக் கற்றுக்கொள்கிறாள். நேற்று வைத்தது பாம்பு போல வளைந்திருந்தது.

"பிரிச்சிட்டு மறுபடி வைங்கக்கா," என்றாள் ஜிப்காரி.

பட்டாசு மறுபேச்சில்லாமல் பிரிக்க உட்கார்ந்தாள்.