சுரண்டாத கம்பி

மாடியில் பாட்டுச் சத்தம் நின்று நான்கு நாளாகியிருந்தது. அந்த நான்கு நாளும் ரஞ்சிதாவுக்குச் சோறு ருசித்தது.

கம்ப்யூட்டர் ஸ்பீக்கரின் வயரை எலி கடித்துத் துண்டாக்கியிருந்தது. பள்ளிக்கூடம் விட்டதும் பையைக் கூடத்தில் வீசிவிட்டுப் படியேறிவிடும் தீபிகா, இப்போது கீழேயே கிடந்தாள். அம்மாவின் மடியில் தலையைச் சாய்த்துக் கணக்குப் போட்டாள். ஒன்பது வயசுப் பிள்ளை மடிக்கு என்ன கனம் கனக்கும் என்பதையே ரஞ்சிதா மறந்திருந்தாள்.

மாடியில் இருப்பது கொழுந்தனும் அவன் மனைவி சித்ராவும். கல்யாணமாகி ஒன்றரை வருஷம். ஒரு பழைய கம்ப்யூட்டரையும் இரண்டு குட்டி ஸ்பீக்கரையும் கொண்டுவந்தாள், பிள்ளையை எடுத்துக்கொண்டாள். ரஞ்சிதாவின் மனசுக்குள் கணக்கு அப்படித்தான் இருந்தது. சித்ரா ஒரு சொல் கூட மரியாதை குறையப் பேசியதில்லை. அதுதான் இன்னும் எரிந்தது. சண்டை போடவாவது ஒரு காரணம் தரக்கூடாதா?

ஐந்தாம் நாள் தீபிகா ஸ்பீக்கரைத் தூக்கிக்கொண்டு கீழே வந்தாள்.

"அம்மா, நீ இதை ஒட்டிருவியாமா. சித்தி சொன்னாங்க. சனிக்கிழமை ஆண்டுவிழா, ஆடிப் பாக்கோணும்."

"உங்க சித்திக்கு எப்படித் தெரியும்?"

"அப்பிச்சி பட்டறையில நீ காயில் கட்டுனதை நாந்தான் சொன்னேன்."

வேலூரில் ரஞ்சிதாவின் அப்பாவுக்குப் போர்வெல் மோட்டாருக்குக் காயில் கட்டும் பட்டறை. கல்யாணம் வரை அவளும் அங்கே உட்கார்ந்து கம்பி சுற்றியவள். பிள்ளையிடம் மட்டும் சொல்லிவைத்த அந்தக் கதையும் மாடி ஏறிவிட்டது.

பழைய இயர்போன் ஒன்றின் வயரை வெட்டி எடுத்தாள். உள்ளே மூன்று மெல்லிய கம்பிகள்: சிவப்பு, பச்சை, செம்பு நிறம். பார்த்தால் வெறும் கம்பிதான். ஆனால் அந்த நிறமே மேலே இருக்கும் ஒரு மெல்லிய பூச்சு. அதைச் சுரண்டாமல் ஈயம் வைத்தால் பிடித்த மாதிரி இருக்கும், பிடிக்காது. பட்டறையில் அவள் முதலில் கற்ற பாடம் அது.

சிவப்பைச் சுரண்டி வைத்தாள். பச்சையைச் சுரண்டி வைத்தாள்.

"சித்தி எப்படி ஆடுறாங்க தெரியுமா? நீ ஆடுனா கரண்டுக் கம்பமாட்ட நிப்பே" என்று தீபிகா சிரித்தாள்.

"யாரு சொன்னா? சித்தியா?"

"இல்ல, நாந்தான்."

மூன்றாவது கம்பியின் மேல் பிளேடு ஒரு முறை லேசாகப் போனது. போதும் என்று தனக்குள் சொல்லிக்கொண்டு ஈயத்தை வைத்தாள். பளபளவென்று நின்றது. பாட்டும் வந்தது. தீபிகா மாடிக்குப் போனாள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் மேலே பாட்டு நடுவில் என்னவோ ஆனது. மேளம் அடித்தது, பாட்டைக் காணோம். தீபிகா அழுதுகொண்டே படியிறங்கி ஓடிவந்து அம்மாவின் மடியில் விழுந்தாள்.

"பாடுறவங்களக் காணோம்மா! நாளைக்கு நான் எப்படி ஆடுறது?"

ரஞ்சிதா அவள் தலையைத் தடவினாள். பிள்ளை விக்கி விக்கி அழுதாள். அழுகிற பிள்ளை தன் மடியில் இருக்கிறாள் என்பது ஒரு நிமிஷம் இனித்தது. இனித்ததை உணர்ந்தபோது கை நின்றது.

சித்ரா ஸ்பீக்கரோடு இறங்கி வந்தாள். "மேளம் மட்டும் கேக்குதுங்கக்கா. குரலு வரலீங்க."

எந்தக் கம்பி என்று ரஞ்சிதாவுக்குத் தெரியும். இரண்டு ஸ்பீக்கருக்கும் பொதுவான கம்பி அது. அது விட்டுப்போனால் இரண்டிலும் ஒன்றுபோல வருகிற குரல்தான் போகும். முகத்தைக் கழுவிவிட்டு வரச் சொல்லித் தீபிகாவை அனுப்பினாள்.

சித்ரா செல்போன் வெளிச்சம் பிடிக்க, ரஞ்சிதா மூடியைத் திறந்தாள். மூன்றாவது கம்பி கழன்று நின்றது, நுனியில் செம்பு நிறப் பூச்சு அப்படியே.

"மத்த ரெண்டும் நல்லாப் பிடிச்சிருக்குதுங்க. இது மட்டும் ஏனுங்கக்கா இப்படி?"

மட்டமான வயர் என்று சொல்லியிருக்கலாம்.

"நான் சுரண்டல."

"மறந்துட்டீங்களா?"

"இல்ல."

வெளிச்சம் கொஞ்சம் ஆடியது. பிறகு அதே இடத்தில் நின்றது. ரஞ்சிதா கம்பி வெளுக்கும் வரை சுரண்டினாள். ஈயம் உருகிப் பிடித்தது.

மூடியை முடுக்கும்போது சித்ரா சொன்னாள்: "நாளைக்கு அவளுக்கு நீங்களே சடை பின்னுங்க. எனக்கு அவ்வளவாப் பின்ன வராதுங்க."

பொய். அவள் பின்னும் சடை சாயங்காலம் வரை கலையாது. என் பிள்ளை தலையை எனக்கே தானம் பண்ணுகிறாள் என்று ரஞ்சிதாவுக்கு உள்ளே சுருக்கென்றது. ஆனாலும் "சரி" என்றாள். சடை பின்னுவதை விட்டுக்கொடுக்க மனசில்லை.

சித்ரா ஸ்பீக்கரை எடுத்துக்கொண்டு படியேற, தீபிகாவும் பின்னாலேயே ஓடினாள். கொஞ்ச நேரத்தில் மேலே பாடுகிற குரல் வந்தது.

"சித்தீ! வந்துருச்சு!"

ரஞ்சிதா சமையலறையிலிருந்து கத்தினாள்: "அம்முணி, காலைல ஆறு மணிக்கு எந்திரிக்கோணும்! அம்மாதான் சடை பின்னுவேன்!"

பாட்டுச் சத்தத்தில் அது யாருக்கும் கேட்கவில்லை. ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு படியடிக்குப் போய் இன்னொரு முறை கத்தினாள்.