ஒரு பாக்கெட்டையும் விடாதீங்க

“தங்கச்சி, உங்க கடை மாவு நடக்குது,” என்றார் தையல்காரர்.

கடைக்காரி சிரிக்கவில்லை. எதைச் சொன்னாலும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே சொல்கிற மனிதர் அவர். பட்டன் கேட்டு வந்தால்கூட சாவுச் செய்தி கொண்டு வந்தவர் மாதிரிதான் நிற்பார். ஆனால் இன்று அவர் கையில் வாய் பிரித்த கஞ்சி மாவுப் பாக்கெட் இருந்தது. அதைத் தன் உடம்பிலிருந்து சற்றுத் தள்ளியே பிடித்திருந்தார்.

“நடக்குதுன்னா?”

“நடக்குதுன்னா நடக்குதுதான். கொஞ்சம் விட்டா ஓடும். நேத்து வாங்கிட்டுப் போனேன், இன்னிக்குப் பிரிச்சா உள்ள ஒரு குடும்பமே குடியிருக்கு. நமக்கு இது சேராதும்மா. நான் சைவம்.”

அவள் மேசைமேல் செய்தித்தாளை விரித்து மாவைக் கொட்டினாள். முதலில் ஒன்றும் இல்லை. வழவழவென்று ஒரு குவியல். ‘பார்த்தீங்களா அண்ணே’ என்று சொல்ல வாயெடுத்தபோது குவியலின் ஓரம் லேசாக வெடித்தது. எள்ளளவில் ஒரு பழுப்புப் புள்ளி வெளியே வந்து, மாவை உதறிக்கொண்டு, காகிதத்தின் எழுத்துகள்மேல் நடந்தது. அதன் பின்னால் இன்னொன்று. பிறகு எண்ண முடியவில்லை.

“வேற பாக்கெட் தர்றேண்ணே.”

“அதுல மட்டும் ஆள் இருக்காதா?”

அலமாரியிலிருந்து இன்னொன்றை எடுத்து உடனே கிழித்தாள். அதிலும் இருந்தது. எல்லாம் ஒரே ட்ரம்மிலிருந்து கட்டியவை. அடியில் தங்கிய பழைய மாவைச் சுரண்டிக் கழுவிவிட்டுத்தான் புதிதைக் கொட்டினேன் என்று அவள் புருஷன் சொல்லியிருந்தான். சொன்னான், அவ்வளவுதான்.

அலமாரியில் இருப்பது போகட்டும். அதே ட்ரம்மிலிருந்து கட்டிய மூட்டைகள் இரண்டு தெரு தள்ளி மாவு அரைக்கும் மிஷின் அறையில் இருந்தன. இன்று அவை சிறுபிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்குப் போக வேண்டும். அங்கே சமைப்பவள் அவள் நாத்தனார். ‘எங்க அண்ணன் கடை மாவு டீச்சர், நான் பொறுப்பு’ என்று பெரிய டீச்சரிடம் நின்று வாதாடி அந்த ஆர்டரை வாங்கிக் கொடுத்தவளும் அவள்தான். அவளுக்கு முன்னால் அங்கே சமைத்தவளின் வேலை, சோற்றில் கிடந்த ஒரு முடியால் போயிற்று.

போனை எடுத்தாள். மறுமுனையில் மிஷின் இரைந்தது. அந்த மிஷினோடு குடித்தனம் நடத்தி நடத்தி அவள் புருஷனுக்குக் காது பாதி போயிருந்தது.

“ஏங்க, கேக்குதா? வண்டு வந்திருச்சு.”

“என்னது?”

“வண்டுங்க, வண்டு. வந்திருச்சு. ஒரு பாக்கெட்டையும் விடாதீங்க.”

“சரி சரி, காதைக் கிழிக்காத. ஒண்ணையும் விட மாட்டேன்.”

அவளுக்கு மூச்சு வந்தது. அலமாரியிலிருந்த பாக்கெட்டுகளை எல்லாம் இறக்கி ஒரு கோணியில் போட்டாள். தையல்காரர் வேண்டாத யோசனைகள் சொல்லிக்கொண்டு கூடவே நின்றார். கடைசிப் பாக்கெட்டையும் போட்டுக் கோணியின் வாயைக் கட்டும்போது, புருஷன் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தான். முகத்தில் வேலையை முடித்தவனின் தெளிவு.

“ஏத்தி விட்டாச்சு.”

“எதை?”

“மாவைத்தான். நீ சொன்ன மாதிரியே ஒரு பாக்கெட் விடலை. நம்ம வீட்டுக்குன்னு எடுத்து வச்சதைக்கூட வண்டு தலையில கட்டிட்டேன். இந்நேரம் அது பள்ளிக்கூடத்துக்குப் போய்ச் சேந்திருக்கும்.”

அவளுக்கு ஒரு கணம் கழித்துத்தான் உறைத்தது. சரக்கு ஏற்றும் சின்ன வண்டிக்காரனைத் தெருவே வண்டு என்றுதான் கூப்பிடும். ஆள் குட்டை, கறுப்பு, ஓட்டும்போது வாய்க்குள் ஏதாவது ரீங்காரம். ‘வண்டு வந்துச்சா, வண்டு போச்சா’ என்று அவனை அஃறிணையில் பேசிச் சிரிப்பது எல்லோருக்கும் வழக்கம். அவளும் அப்படிப் பேசியவள்தான்.

“அந்த வண்டு இல்லைங்க,” என்று செய்தித்தாளைக் காட்டினாள். “இந்த வண்டு.”

புருஷன் குனிந்து பார்த்தான். “சொல்றதைத் தெளிவாச் சொல்லத் தெரியாதா உனக்கு?”

“கழுவுறதைத் தெளிவாக் கழுவத் தெரியாதா உங்களுக்கு?”

வண்டுக்குப் போன் அடித்தாள். எடுக்கவில்லை, வண்டி ஓட்டும்போது அவனுக்கு எதுவும் கேட்காது. நாத்தனாருக்கு அடித்தாள். அடுப்படிக்குள் போன் கொண்டு போகக் கூடாது என்று அங்கே சட்டம். கடைசியில் பெரிய டீச்சரின் எண்ணைத் தேடி எடுத்தாள். அவன் போனைப் பிடுங்கினான்.

“என்ன பண்ற? டீச்சர் காதுக்குப் போச்சுன்னா தங்கச்சி பொழப்பு போச்சு.”

“பிள்ளைங்க குடிச்சிருமேங்க.”

“நேரா போ,” என்று போனைத் திருப்பிக் கொடுத்தான். “ யாருக்கும் தெரியாம அவகிட்ட மட்டும் சொல்லு. மாத்திக்கலாம்.”

தையல்காரர் வெளியே போய்த் தன் ஸ்கூட்டரை உதைத்தார். “ஏறும்மா. வேகமா ஓட்ட வராது எனக்கு. தையல் போட்ட மாதிரி நேரா மட்டும் போவேன்.”

சொன்ன மாதிரியே போனார். பஸ் முந்தியது, சைக்கிள் முந்தியது, கடைசியில் ஒரு தள்ளுவண்டியும் முந்தியது. அவள் பின்னால் உட்கார்ந்து பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

பள்ளிக்கூட வாசலில் வண்டியைக் காணோம். இறக்கிவிட்டுப் போய்விட்டான். கூடத்தில் பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்து காலி டம்ளர்களைத் தரையில் தட்டிக்கொண்டிருந்தார்கள். அவள் பின்பக்கமாகச் சுற்றிக்கொண்டு அடுப்படிக்கு ஓடினாள்.

பெரிய பாத்திரத்தில் கஞ்சி கொதித்தது. நாத்தனார் வாசலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கரண்டி நுனியால் எதையோ கோரிக் கோரிப் பக்கத்தில் இருந்த ஈரத்துணியில் தட்டினாள். காலடி கேட்டதும் துணியை மடித்து மூடினாள்.

“பாத்துட்டியா?” என்றாள் கடைக்காரி.

“மெதுவா பேசுங்க அண்ணி. கண்ணு இல்லையா எனக்கு? கொதிக்கும்போதுதான் மேல வந்துச்சு. எடுத்துட்டேன்.”

“எல்லாத்தையுமா?”

“தெரிஞ்சதை எல்லாம்.”

“தெரியாதது?”

“அது வெந்து போச்சு. ஒண்ணும் ஆகாது. நாளையிலேருந்து சலிச்சுப் போடறேன். இன்னிக்கு மட்டும் விட்டுடுங்க.”

“சின்னப் பிள்ளைங்க குடிக்கிறதும்மா.”

“குடிக்கிறதுன்னு இப்பத்தான் தெரியுதா? வித்தது நீங்கதானே?”

நாத்தனார் கரண்டியை நிறுத்தவில்லை. குரல் மட்டும் இறங்கியது.

“ஒரு முடிக்கு ஒருத்தி வேலை போச்சு அண்ணி. இந்தச் சம்பளத்துல இப்பத்தான் ஒரு ரூம் எடுத்து, எனக்குன்னு ஒரு சாவி வச்சிருக்கேன். போச்சுன்னா, திரும்ப உங்க வீட்டுக் கூடத்துல வந்து பாயை விரிக்கணும். எல்லாரும் படுத்த பிறகு நான் படுத்து, எல்லாரும் எழுந்திருக்கறதுக்கு முன்னாடி நான் எழுந்திரிக்கணும். அது உங்களுக்கே தெரியும்.”

தெரியும். அந்தப் பாயைக் காலால் ஒதுக்கிவிட்டு அவளே நடந்திருக்கிறாள்.

“இன்னும் ஆகலையா?” என்றபடி பெரிய டீச்சர் உள்ளே வந்தார். “இவங்க யாரு?”

“எங்க அண்ணி, டீச்சர்.”

“மாவுக் கடைக்காரங்களா? வாசனை கூடம் வரைக்கும் வருது. என்ன இவ்வளவு தூரம்?”

“வண்டு...” என்றாள் கடைக்காரி.

“வண்டா? இப்பத்தானே இறக்கி வச்சுட்டுப் போனான்.”

“ஆமா டீச்சர்,” என்று நாத்தனார் அந்தச் சொல்லைத் தரையில் விழவிடாமல் பிடித்தாள். “அவனைத் தேடித்தான் வந்திருக்காங்க. வேற லோடு இருக்காம். வாசல்ல ரைட்டு பக்கமாப் போனான் அண்ணி, போனா பிடிச்சிரலாம்.”

எல்லாம் அவளுக்காகவே சொல்லி முடிக்கப்பட்டிருந்தது. தலையை ஆட்டினால் போதும். பெரிய டீச்சர் வழிவிட்டுக்கூட நின்றார். நாத்தனார் இவளைப் பார்க்கவில்லை. கூடத்தில் டம்ளர்களின் தட்டல் ஒரே தாளமாகச் சேர்ந்துவிட்டிருந்தது.

அவள் வாசல்வரை நடந்தாள். அங்கே நின்றாள்.

“அந்த வண்டு இல்லை டீச்சர்.”

“என்ன?”

“மாவுல இருக்கற வண்டு. எங்க கடை மாவுல. அடுப்பை அணைச்சிருங்க.”

பெரிய டீச்சர் பாத்திரத்துக்குள் எட்டிப் பார்த்தார். பிறகு ஈரத்துணியைப் பார்த்தார். அதை விரல் நுனியால் பிரித்தார்.

“இது?”

“இவ பொறுக்கிட்டுத்தான் டீச்சர்...” என்று கடைக்காரி ஆரம்பித்தாள்.

“உங்களைக் கேக்கலை.”

நாத்தனார் அடுப்பை அணைத்தாள். “பாத்தேன் டீச்சர். சொல்லலை. பயம்.”

“கொட்டிட்டு வா.”

இரண்டு பெண்களும் ஆளுக்கொரு காதைத் துணியால் பிடித்துப் பாத்திரத்தைக் கொல்லைக்குத் தூக்கிப் போனார்கள். சூடு துணியைத் தாண்டி விரலைச் சுட்டது. குழியில் கஞ்சி மொத்தமும் ஒரே வீச்சில் விழுந்தது.

“ஒரு தலையாட்டல், அண்ணி,” என்றாள் நாத்தனார். “அதைத்தான் கேட்டேன்.”

“ஆட்டத்தான் நினைச்சேன்.”

“அப்புறம்?”

“டம்ளரைத் தட்டிட்டே இருக்குதுங்களே.”

பெரிய டீச்சர் கொல்லைக் கதவுக்கு வந்திருந்தார்.

“அடுப்பு சும்மா கிடக்கு. அலமாரியில அரிசி இருக்கு. பொறுக்கிப் பாத்துப் போடு.”

“நானா டீச்சர்?”

“இங்க வேற யாரு சமைக்கறா? நாளைக்கும் நீதான். ஆனா இனிமே எதைப் பாத்தாலும் முதல்ல என்கிட்ட சொல்லணும்.” கடைக்காரியின் பக்கம் திரும்பினார். “உங்க கடை மாவு இனி இந்த வாசல்ல ஏறக் கூடாது.”

“சரிங்க டீச்சர்.”

நாத்தனார் தட்டில் அரிசியைப் பரப்பிக்கொண்டு உட்கார்ந்தாள். முகத்தைப் பார்க்கவில்லை. பாதி அரிசியை மட்டும் இன்னொரு தட்டில் தள்ளி, அதை அண்ணியின் பக்கம் நகர்த்திவிட்டாள். கடைக்காரி எதிரே உட்கார்ந்து பொறுக்க ஆரம்பித்தபோது மடியில் போன் அடித்தது. புருஷன்தான். அவன் பேசுவது நாலு பேருக்குக் கேட்கும்.

“வண்டு வந்திருக்கு. இப்ப என்ன பண்ண?”

“காலை எண்ணிப் பாருங்க. ரெண்டுன்னா இங்க அனுப்புங்க, மிச்சப் பாக்கெட்டை எல்லாம் திருப்பி எடுத்துட்டுப் போகட்டும். ஆறுன்னா ட்ரம்மைக் கவுத்துக் கழுவுங்க.”

“எண்ண வேண்டாம்,” என்றாள் நாத்தனார், அரிசியிலிருந்து கண்ணை எடுக்காமல். “ரெண்டையும் செய்யச் சொல்லுங்க.”