துடைக்காத வானம்

கண் ஆஸ்பத்திரி வாசலில் மாட்டும் பேனருக்கு இருபதடி அகலத்தில் ஒரு விடியற்கால வானம். மேலே கருநீலம், கீழே இளம் ஆரஞ்சு. போன வாரம் அச்சடித்துக் கொடுத்ததை டாக்டர் திருப்பியே அனுப்பிவிட்டார். நிறம் நிறத்தோடு கலக்காமல், படிக்கட்டு மாதிரி பட்டை பட்டையாக நின்றதாம்.

"பொண்ணு கத்துக்குட்டி, டாக்டர். இந்தத் தடவை நான் பாத்துக்கறேன்" என்று அச்சகம் நடத்தும் சித்தப்பா போனில் சொன்னது, அங்கே படம் போடும் அவள் காதில் விழுந்தது. ஒன்பது வருஷமாக அதே நாற்காலியில் உட்கார்ந்து படம் போட்டுக் கண்ணைக் கெடுத்துக்கொண்ட கத்துக்குட்டி! இதுவும் திரும்பி வந்தால் வேறு ஆளை வைத்துக்கொள்வேன் என்று அவளிடமே சொல்லிவிட்டார் சித்தப்பா.

கம்ப்யூட்டரில் போன வார ஃபைலைத் திறந்தாள். வானம் முழுக்க அவள் தூவியிருந்த பொடிப்புள்ளிகளைக் காணோம். ஒரு நீலம் முடிந்து அடுத்த நீலம் தொடங்கும் விளிம்பைக் கண்ணுக்குத் தெரியாமல் மறைப்பதே அந்தப் புள்ளிகள்தானே! கடைசியாகச் சேமித்தது சித்தப்பா. அவருக்கு அது வழக்கம்: அச்சுக்குப் போகும் முன் எந்தப் படத்தையும் நாலு மடங்கு பெரிதாக்கி, திரையில் மூக்கு உரச உட்கார்ந்து, தூசி தும்பைத் துடைத்துவிட்டுத்தான் அனுப்புவார்.

"சித்தப்பா, புள்ளியையெல்லாம் நீங்களா அழிச்சீங்க?"

"பின்ன? மூஞ்சில வேர்க்குரு மாதிரி! அழுக்கோட அனுப்பச் சொல்றியா?"

"அது அழுக்கு இல்ல. நான் வேணும்னே போட்டது."

"எனக்கே பாடமா? இந்தத் தடவையும் துடைச்சுட்டுத்தான் அனுப்புவேன்."

"அப்போ துடைச்சது ஒண்ணு, துடைக்காதது ஒண்ணு, ரெண்டையும் அடிக்கறேன். டாக்டரே சொல்லட்டும். உங்களோடது ஜெயிச்சா நானே எழுந்து போயிடறேன்."

ஒரு நகலில் மட்டும் புள்ளிகளை மறுபடி தூவி, இரண்டு மாதிரித் துண்டுகளை அச்சுக்கு அனுப்பினாள்.

சாயங்காலம் டாக்டர் வந்தபோது இரண்டும் எதிர்ச்சுவரில் தொங்கின. சித்தப்பா வாயைத் திறக்குமுன்பே அவர் இடப்பக்கத்தைக் காட்டினார்.

"இதுதான் வானம். அதுல மறுபடியும் படிக்கட்டு."

புள்ளி வைத்தது இடப்பக்கம். சித்தப்பா ஒரு நொடி முழித்தார். அடுத்த நொடியே பல்லெல்லாம் தெரியச் சிரித்தார்.

"நான் பாத்துக்கறேன்னு சொன்னேன்ல, டாக்டர்?"

அவளுக்குச் சுர்ரென்று வந்தது. நாற்காலியைவிட்டு எழுந்தாள்.

"இல்ல டாக்டர். போன வாரமும் இப்பவும் படிக்கட்டு கட்டினது சித்தப்பா. வானம் என்னோடது."

சொல்லிவிட்டு, அதே நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள்.