வடிகட்டிக்குப் பின் வடிகட்டி

1

இந்தக் கதை, சிதம்பரத்தில் ஒரு கல்யாண வரவேற்பில், சாம்பாருக்கும் ரசத்துக்கும் நடுவே எனக்குக் கிடைத்தது. முதலில் இப்படித் தொடங்கினேன்:

'கடலூர்க் கடலின் ஆதிநாதம் செம்பியனின் ஆன்மாவை மீட்டியபோது...'

சகிக்கவில்லை. செம்பியன் கடல் பக்கமே போகாதவன். கடலூர் முதுநகரில் மொட்டைமாடி அறையில் ஒயர்களுக்குள் கிடப்பவன்.

2

அவனிடம் இருப்பது மாடுலர் சிந்தசைசர். தனித்தனிப் பெட்டிகளை ஒயரால் கோத்து ஒலியெழுப்பும் கருவி. அதில் ஃபில்டர் என்பது டீ வடிகட்டி மாதிரிதான். ஒன்று கீச்சொலியை நிறுத்தும், கனத்த ஒலியை விடும். இன்னொன்று நேரெதிர். (இதையே செம்பியன் விளக்கினால் டீ ஆறிவிடும்.)

தன் தங்கை வினோதினியின் கல்யாண வரவேற்புக்குப் பேசிவைத்த மெல்லிசைக் குழுவை, புருஷனை நம்பி வேண்டாமென்று சொன்னவள் அவன் மனைவி இசைவாணி.

"மாமா, சம்பந்திங்க முன்னாடி என் மானத்த வாங்கிடாத."

"ஒலிய சுத்தம் பண்றேன்டி. குப்பையே இருக்காது."

எந்த ஃபில்டர் என்று அவனால் முடிவெடுக்க முடியவில்லை. இரண்டையும் வரிசையாக மாட்டினான். 'கீச்சு ஜாஸ்தி' என்று ஒன்றின் குமிழைத் திருகி இறுக்கினான். 'கும்முனு இருக்கு' என்று மற்றதை இறுக்கினான். மேடையிலும் இறுக்கினான்.*

* எனக்கும் இதே வியாதி. போன கதையில் ஆடம்பரத்தை நான் வெட்டினேன், கொச்சையைப் பத்திரிகை ஆசிரியர் வெட்டினார். தலைப்பு மிஞ்சியது.

3

ஒன்று விட்டதை மற்றது பிடித்துக்கொள்ள, ஸ்பீக்கரில் மூச்சே இல்லை.

"யோவ், கரண்ட் பூடுச்சா?" என்றார் மாப்பிள்ளையின் சித்தப்பா சுப்புராயன்.

ஓய்வுபெற்ற பேராசிரியர் ராமாமிர்தம் எழுந்து கைதட்டினார். "ஆகாச தத்துவம்! தம்பி சிதம்பர ரகசியத்தையே வாசிக்கிறார்!"

முன்வரிசை மிரண்டுபோய்க் கைதட்டியது. செம்பியன் (இந்த இடத்தில்தான் அவனை வெறுத்தேன்) கண்ணை மூடித் தலையாட்டினான்.

இசைவாணி மேடையேறினாள். "ரகசியமாம்ல ரகசியம்! எல்லாத்தயும் வடிகட்டிட்டு நிக்கிற. ஏதாச்சும் ஒண்ண தொறந்து வுடு மாமா."

கண் திறந்தான். "எத தொறக்கறது?"

4

முடிவு ஒன்று: கனத்த ஒலி திறக்கிறது. பாயசம் டம்ளரில் அதிர்கிறது, சின்னப் பிள்ளைகள் ஆடுகிறார்கள்.

முடிவு இரண்டு: கீச்சொலி திறக்கிறது. சம்பந்தியம்மா காதைப் பொத்துகிறாள். இசைவாணிக்கு ஆயுசுக்கும் பேச்சு.

முடிவு மூன்று: செம்பியன் ஞானி ஆகி...

அதை எழுத மாட்டேன். முதலிரண்டில் எது என்று அவன் இன்னும் யோசிக்கிறான், இசைவாணி இன்னும் நிற்கிறாள், எனக்கு ரசம் வந்துவிட்டது. நீங்களாவது ஏதாவது ஒரு குமிழைத் திருப்பித் தொலையுங்கள்.

சீக்கிரம். பேராசிரியர் மைக் கேட்கிறார்.