வீடு திரும்பும் பால்

கிருமி கண்ட தாய்ப்பால் பாட்டில்கள் பால் வங்கியின் குளிர்பெட்டியிலிருந்து தாமாக இறங்கி, கொடுத்தவர் வீட்டுக்கே நடந்து போகத் தொடங்கியது, தக்காளி விலை கன்னாபின்னாவென்று ஏறிய அதே வருஷத்தில். ஊரில் முதலில் பேசப்பட்டது தக்காளியைப் பற்றித்தான். பாட்டில்களைப் பற்றிப் பேச்சு வருவதற்குள் அவை வழியெல்லாம் பழகிவிட்டன. காலில்லாத பாட்டில் எப்படி நடக்கும் என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். அடிப்பாகத்தை இப்படிக் கொஞ்சம் அப்படிக் கொஞ்சம் நகர்த்தி, புதுச்செருப்பு கடிக்கிறவர்கள் நடப்பது போலத்தான் நடக்கும். சாலையின் ஓரமாகவே போகும், சிவப்பு விளக்குக்கு நிற்கும். நாய்கள் முதல் வாரம் குரைத்துப் பார்த்துவிட்டு அலுத்துப்போய் விட்டுவிட்டன.

வங்கி என்றால் பெரிய கட்டடம் ஒன்றுமில்லை. மகப்பேறு ஆஸ்பத்திரியின் பின்பக்கம் இரண்டு அறைகள், அவ்வளவுதான். பால் மிகுந்த தாய்மார்கள் வீட்டில் பம்ப் வைத்து எடுத்துக் கொடுப்பதை வாங்கி உறையவைத்து, ஒவ்வொன்றிலும் சில சொட்டு எடுத்துக் கிருமி டாக்டரிடம் அனுப்புவார்கள். அவர் அதைக் கண்ணாடித் தட்டில் தடவி, கதகதப்பான பெட்டிக்குள் வைத்துவிட்டுக் காத்திருப்பார். தட்டில் ஒன்றும் முளைக்காவிட்டால் பாலை அரை மணி நேரம் மிதமாகச் சூடுபடுத்தி, மாதம் நிறையாமல் பிறந்த குழந்தைகளுக்குக் கொடுப்பார்கள். புள்ளி புள்ளியாக முளைத்துவிட்டால் பால் தேறாது. சூட்டுக்குச் சாகாத கிருமியும் உண்டு, செத்தாலும் விஷத்தை விட்டுப்போகும் கிருமியும் உண்டு. உள்ளங்கை அளவுக் குழந்தையின் குடல் இரண்டையும் தாங்காது. தட்டில் புள்ளி முளைக்கிற அதே காலையில்தான் பாட்டிலும் கிளம்பும். டாக்டர் ஒரு மாதம் முழுக்க ஒப்பிட்டுப் பார்த்தார், ஒன்றுகூடத் தப்பவில்லை. அப்படியானால் தட்டு எதற்கு, வீண் செலவுதானே என்று மேலதிகாரி கேட்டதற்கு, "பாட்டில் நடந்துச்சுன்னு எழுதுறதுக்கு ரிப்போர்ட்ல இடம் இல்ல சார்" என்று சொல்லிவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போனார்.

இதில் மானம் போனது கொடுத்தவர்களுக்கு. ரகசியம் காக்க வேண்டுமென்று வங்கி பாட்டிலில் பெயர் போடுவதில்லை, எண் மட்டும்தான். பாட்டிலுக்கு எண் தெரியாது, வீடு தெரியும். அது யார் வீட்டு வாசலில் போய் நிற்கிறது என்பதைத் தெருவே பார்த்துக்கொண்டிருக்கும். அப்படி அதிகம் பார்க்கப்பட்டது பளிச்சக்காவின் வீடு. தண்ணீரையே கழுவிக் குடிக்கிறவள் என்று பெயரெடுத்தவள் அவள். அவள் வீட்டுத் தரையில் எறும்பு வழுக்கி விழும். ஃப்ரிட்ஜ் மெக்கானிக்கான அவள் கணவர், கைகால் கழுவி உடை மாற்றி வாசலில் நின்று அனுமதி கேட்டுத்தான் உள்ளே போவார். அவளுடைய கைக்குழந்தை நேராக அவளிடமே குடித்துக் கொழுகொழுவென்று இருந்தது. அவள் பம்ப் வைத்து எடுத்து வங்கிக்குக் கொடுத்த பால் மட்டும் ஒன்று விடாமல் திரும்பி வந்தது. வந்த பாட்டில்கள் வாசலோடு நிற்கவுமில்லை. நேரே சமையலறைக்குப் போய், ஆணியில் தொங்கிய துடைக்கும் துணிக்குக் கீழே வரிசையாக நின்றுகொண்டன. வெயிலில் வந்த களைப்பு, நிழல் தேடுகின்றன என்று மெக்கானிக் நினைத்துக்கொண்டார்.

இந்த நேரத்தில்தான் அவளுடைய தம்பிக்குப் பிள்ளை பிறந்தது. ஏழாம் மாதம், ஒரு கிலோகூட இல்லை. பெற்றவளுக்குக் காய்ச்சல், பால் இன்னும் சுரக்கவில்லை. வங்கிக்கு வழக்கமாகக் கொடுத்த மற்றவர்களில் பாதிப்பேர் பாட்டில் வாசலுக்கு வந்துவிடுமோ என்று பயந்தே நின்றுவிட்டார்கள். இருப்பு அடியைத் தொட்டது. பவுடர் பால் கொடுத்தால் குடல் வெந்துபோகலாம் என்று டாக்டர் தயங்கினார். குழாய் வழியாகச் சொட்டுச் சொட்டாக இறங்கிக்கொண்டிருந்த பால் தீர்ந்தால் பிள்ளை என்னாகும் என்பதைப் பற்றி அந்த வார்டில் யாரும் வாய் திறக்கவில்லை.

பளிச்சக்காவுக்கும் தம்பி மனைவிக்கும் இரண்டு வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லை. கல்யாணமான புதிதில் விருந்துக்கு வந்த தம்பி மனைவி, உதவுகிறேன் பேர்வழி என்று சமையலறைக்குள் போய், அந்தத் துடைக்கும் துணியை முகர்ந்து பார்த்துவிட்டுக் குப்பையில் போட்டுவிட்டாள். அக்கா அதை எடுத்துத் துவைத்து மறுபடி அதே ஆணியில் மாட்டினாள். அன்றோடு சரி. ஆனாலும் தம்பி பிள்ளை என்று தெரிந்ததும் அக்கா முன்னைவிட இரண்டு மடங்கு பால் எடுத்துக் கொடுத்தாள். கோபம் பெரியவர்கள் மேல்தானே, பிள்ளை என்ன செய்யும். அந்தப் பாலும் திரும்பி வந்தபோது அவள் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். பிறகு பம்ப்பைப் பெட்டியில் போட்டு மூடி, பரணில் ஏற்றிவிட்டாள்.

அக்கா கொடுத்ததில் கடைசிப் பாட்டில் ஆஸ்பத்திரிச் சரிவில் இறங்கிப் போவதைத் தம்பி மனைவி வார்டு ஜன்னல் வழியாகப் பார்த்தாள். கேட்டால் விடமாட்டார்கள் என்று கேட்காமலே, வயிற்றுத் தையலைக் கையால் அழுத்திக்கொண்டு பின்னால் போனாள். அறுவை சிகிச்சை ஆனவளுக்கும் பாட்டிலுக்கும் வேகம் ஒன்றாகத்தான் இருந்தது. ஒரு திருப்பத்தில் அவள் மூச்சு வாங்க உட்கார்ந்தபோது பாட்டிலும் நின்று காத்திருந்தது. வீட்டுக்குள் போய் அது துணிக்குக் கீழே நின்றதைப் பார்த்ததுமே அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. ஆனால் எப்படிச் சொல்வது? துணி என்று வாயெடுத்தால் பழைய சண்டை எழும், பால் நின்ற மாதிரிதான். சொல்லாவிட்டாலோ அங்கே பிள்ளை.

"அண்ணி, பம்ப்பை எப்படிச் சுத்தம் பண்றீங்கன்னு கொஞ்சம் காட்டுறீங்களா? எனக்குப் பால் வந்தா நானும் எடுக்கணும்ல" என்றாள்.

இப்படிக் கேட்டால் பளிச்சக்காவால் மறுக்க முடியாது. பரணிலிருந்து பெட்டி இறங்கியது. ஒவ்வொரு பாகத்தையும் கழற்றினாள், சோப்புப் போட்டாள், கைகள் சிவக்கத் தேய்த்தாள், கொதிக்கும் தண்ணீரில் போட்டு எடுத்தாள். ஆஸ்பத்திரியில்கூட இவ்வளவு செய்யமாட்டார்கள். பிறகு, அடுப்பும் மேடையும் சாப்பாட்டு மேஜையும் துடைத்த அந்தத் துணியை ஆணியிலிருந்து எடுத்து, ஒரு துளி ஈரம் இல்லாமல் பாகங்களைப் பளிச்சென்று துடைத்தாள். கீழே நின்ற பாட்டில்கள் அத்தனையும் ஒரே நேரத்தில் குப்புற விழுந்தன.



"நான் ஒண்ணும் சொல்லல அண்ணி" என்றாள் தம்பி மனைவி.

"நீ சொல்லல. அதுங்க சொல்லுது." அக்கா துணியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "தினமும் துவைக்கிறேனே."

"தினமும் எல்லாத்தையும் துடைக்கிறீங்களே."

அக்காவுக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணீரும் வந்தது, எது முதலில் என்று அவளுக்கே தெரியவில்லை. துணியைத் தன் கையாலேயே குப்பையில் போட்டாள். தம்பி மனைவியை நாற்காலியில் உட்காரவைத்து, தையல் பிரிந்தால் யார் பதில் சொல்வது என்று திட்டினாள். மெக்கானிக் அவளை வண்டியில் ஏற்றி ஆஸ்பத்திரியில் விட்டுவரப் போனார்.

துடைக்காமல் காயவிடுவது என்பது அக்காவுக்குப் பிரசவத்தைவிடக் கஷ்டமாக இருந்தது. கொதிக்கவைத்த பாகங்களைச் சுத்தமான சல்லடைத் தட்டில் கவிழ்த்து, மேலே வலை மூடி போட்டு, அவற்றிலிருந்து தண்ணீர் சொட்டுவதைப் பார்க்கச் சகிக்காமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டாள். கை துறுதுறுத்தது. மெக்கானிக்கின் வழுக்கைத் தலையைத் துடைத்துவிட்டாள். அவரும் காட்டிக்கொண்டு இருந்தார். எடுத்த பாலைத் தம்பி ஐஸ் பெட்டியில் வைத்து வங்கிக்குக் கொண்டுபோனான்.

தட்டில் முளைக்கவேண்டிய காலையில் பளிச்சக்கா விடிந்ததிலிருந்து வாசலில் நின்றாள். எதிர்வீட்டு ஜன்னல்களும் திறந்திருந்தன. பேப்பர்காரர் வந்தார், குப்பை வண்டி வந்தது. தெருமுனையில் ஒரு பாட்டில் தலைகாட்டியபோது அவளுக்கு உயிரே போய்விட்டது. அது அவளைக் கடந்து அடுத்த தெருவுக்குத் திரும்பியது. வெயில் உச்சிக்கு ஏறியது. வேறு யாரும் வரவில்லை. யாரும் வராத தெருவைப் பார்த்துக்கொண்டு அவள் சந்தோஷத்தில் விக்கி விக்கி அழுதாள். எதிர்வீட்டுக்காரிகள் கௌரவமாக ஜன்னல்களைச் சாத்திக்கொண்டார்கள்.

சாயங்காலம் போன் வந்தது.

"குடிச்சிட்டான் அண்ணி."

"எவ்வளவு?"

"ரெண்டு மில்லி. குழாயிலதான். ஒரு சொட்டு மட்டும் சிஸ்டர் உதட்டுல வெச்சாங்க, சப்புக்கொட்டினான்."

"வாயைத் துடைச்சியா?"

"இல்ல அண்ணி" என்றாள் தம்பி மனைவி. "தானா காயட்டும்னு விட்டுட்டேன்."